விந்தணுவும் ஹார்மோனும்: அளவு, இடம், காலம் குறித்த ஓர் ஆய்வு

1. சிக்கல்

டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் ஹார்மோன். விந்தணு உருவாக அது வேண்டும். ஆகவே அதை ஊசியாக ஏற்றினால் விந்தணு பெருகும். பொதுமக்கள் மட்டுமல்ல, படித்தவர்களிலும் பலர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். முதல் இரண்டு கூற்றுகளும் சரி. மூன்றாவது தவறு. உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1990-இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், இயல்பான விந்தணு எண்ணிக்கை கொண்ட ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி போடப்பட்டது. ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் போயிற்று. ஆய்வாளர்கள் அதைக் கண்டு திடுக்கிடவில்லை. ஆண்களுக்கான கருத்தடை ஊசியாக டெஸ்டோஸ்டிரோன் பயன்படுமா என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். சீனாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு மாதம் ஒரு முறை 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் போட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணு போதிய அளவு குறைந்தவர்களிடையே ஆண்டுக்கு நூறு தம்பதியரில் ஏறத்தாழ ஒருவர்தான் கருவுற்றார். கருத்தடை மாத்திரைக்குச் சற்றும் குறையாத பலன் இது.

இரத்தத்தில் ஹார்மோன் ஏறுகிறது, விந்தணு மறைகிறது. இந்த முரணுக்குக் காரணம் தேடுவதே இக்கட்டுரையின் வேலை. என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது போதாது. எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் தாளத்தில் வருகிறது, வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்றும் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடச் சீட்டில் அச்சாகி வரும் ஒற்றை எண் இம்மூன்றுக்கும் விடை சொல்லாது.

2. ஆய்வு வந்த வழி

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்தோல்ட் 1849-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து இத்துறையின் கணக்கைத் தொடங்குவது வழக்கம். ஆறு சேவல் குஞ்சுகள். இரண்டுக்கு விரைகளை முழுதாக எடுத்துவிட்டார். அவை கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டை போடாமல் வளர்ந்தன. மற்றவற்றுக்கு விரையை அதன் இடத்திலிருந்து அறுத்து வயிற்றறைக்குள் வைத்தார். அந்தச் சேவல்கள் வழக்கம்போலக் கூவின, பெட்டைகளைத் துரத்தின. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் விரை உடலை ஆள்கிறது என்றால் அதன் வழி இரத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். ஹார்மோன் என்ற சொல் பிறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

அடுத்த பெரும் நிகழ்வு அறிவியலைவிட நாடகத்துக்கு நெருக்கமானது. 1889-இல் பாரிஸில், 72 வயதான உடலியலாளர் பிரௌன்-செக்வார்ட் நாயின் விரையையும் கினிப்பன்றியின் விரையையும் அரைத்துப் பிழிந்த சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். விரை டெஸ்டோஸ்டிரோனைச் சேமித்து வைப்பதில்லை. செய்தவுடன் வெளியே அனுப்பிவிடுகிறது. நீரில் அது கரைவதும் மிகக் குறைவு. ஆகவே அந்தச் சாற்றில் மருந்தென்று சொல்ல ஒன்றுமில்லை; நம்பிக்கைதான் வேலை செய்தது. இளமை ஊசி விற்கும் இன்றைய விளம்பரங்களுக்கு அவரே முன்னோடி.

வேதியியல் பிறகுதான் வந்தது. 1931-இல் அடால்ஃப் புட்டனான்ட் பெர்லின் காவலர்களின் 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பிரித்தார். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை எடுத்தது. அதே ஆண்டு புட்டனான்டும் ருஸிக்காவும் தனித்தனியே அதைச் செயற்கையாகச் செய்துகாட்டினர். 1939-இன் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. இவற்றுக்கு நடுவே, 1934-இல், பெர்ன்ஹார்ட் ஸொண்டெக் ஒரு வேடிக்கையான உண்மையைக் கண்டார்: ஈஸ்ட்ரோஜன் மிகுதியாக உள்ள சிறுநீர்களுள் ஒன்று ஆண் குதிரையினுடையது. ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று பங்கு பிரித்தது எவ்வளவு அவசரமான வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தக் குதிரையின் கதை 5-ஆம் பிரிவில் விளங்கும்.

3. மூளையிலிருந்து வரும் தாளம்

3.1 துடிப்பு

விந்தகத்துக்கான ஆணை மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் பிறக்கிறது. அங்குள்ள சில ஆயிரம் நரம்பணுக்கள் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. அதன் அமைப்பை 1971-இல் கண்டறிய ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும் ரோஜர் கில்மன் ஆட்டு மூளைகளையும் இலட்சக்கணக்கில் அரைக்க வேண்டியிருந்தது. ஒருவரையொருவர் முந்தத் துடித்த இந்த இருவரும் 1977-இன் நோபல் பரிசைச் சேர்ந்தே வாங்க நேர்ந்தது.

ஜிஎன்ஆர்எச் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரு ஹார்மோன்களை வெளியிடச் செய்கிறது. ஆனால் அது ஓயாமல் வழிந்துகொண்டிருப்பதில்லை. வளர்ந்த ஆணில் ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துடிப்பாக வருகிறது. இந்த இடைவெளியே அதன் உயிர் என்பதை எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978-இல் ரீசஸ் குரங்குகளில் காட்டியது. ஹைபோதலாமஸ் சிதைக்கப்பட்ட குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை ஆறு நிமிடம் மட்டும் ஜிஎன்ஆர்எச் செலுத்தியபோது பிட்யூட்டரி நன்றாகச் சுரந்தது. அதே மருந்தை இடைவெளியின்றிச் செலுத்தியபோது சுரப்பு அடங்கிப்போனது. முறை வைத்துத் தண்ணீர் விட்டால் விளையும் வயல், மடையை அடைக்காமல் விட்டால் அழுகுவது போலத்தான் இது: இடைவெளியில்லாத தூண்டலில் பிட்யூட்டரி தன் ஏற்பிகளை உள்ளிழுத்துக்கொள்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பைப் புற்றுநோய் மருத்துவம் தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டது. புராஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனை அடக்க, நெடுநேரம் செயல்படும் ஜிஎன்ஆர்எச் போலி மருந்துகளைப் போடுகிறார்கள். தூண்டும் மருந்தைக் கொடுத்தே சுரப்பை நிறுத்துகிறார்கள்.

3.2 துடிப்பு இல்லாதவர்கள்

1944-இல் ஃபிரான்ஸ் கால்மன் விவரித்த நோயில் இளைஞர்களுக்குப் பருவமடைதல் நிகழ்வதில்லை. கூடவே மோப்ப உணர்வும் இருப்பதில்லை. மூக்குக்கும் விந்தகத்துக்கும் என்ன உறவு? கருவில் ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்கள் மூளையில் பிறப்பதில்லை. மூக்கின் மொட்டில் பிறந்து, மோப்ப நரம்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் நடந்து போகின்றன. 1989-இல் எலிகளில் இது நிறுவப்பட்டது. அந்தப் பயணம் பாதியில் நின்றால் மோப்பமும் போகிறது, விந்தணுவும் போகிறது. பருவம் வராத பையனிடம் மருத்துவர் காப்பிப்பொடியை முகரச் சொல்வது இதனால்தான்.

2003-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே மற்றொரு கண்ணியைக் கண்டன. கிஸ்பெப்டின் என்ற புரதமே ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அதன் ஏற்பியில் பழுது இருந்தால் பருவமே வராது. உடல் எடை, பட்டினி, மன உளைச்சல், பாலூட்டும் ஹார்மோனான புரோலாக்டின் போன்றவை கருவளத்தைத் தொடும் வழி பெரும்பாலும் கிஸ்பெப்டின் வழியே செல்கிறது.

4. விந்தகத்துக்குள்

4.1 இரு செல்கள், இரு ஆணைகள்

விந்தகத்தில் ஹார்மோன் ஆணைகளை வாங்கும் செல்கள் இரண்டு. நுண்குழல்களுக்கு வெளியே இருப்பவை லேடிக் செல்கள். ஃபிரான்ஸ் லேடிக் 1850-இல் கண்டவை. குழலுக்குள், வளரும் விந்தணுக்களைத் தாங்கி நிற்பவை செர்டோலி செல்கள். என்ரிக்கோ செர்டோலி 1865-இல் கண்டவை. எல்எச் லேடிக் செல்லிடம் போய் டெஸ்டோஸ்டிரோனைச் செய்யச் சொல்கிறது. எஃப்எஸ்எச் செர்டோலி செல்லிடம் போகிறது. டெஸ்டோஸ்டிரோனும் அங்கேதான் போகிறது.

வளரும் விந்தணு டெஸ்டோஸ்டிரோனின் நேரடிச் சொல்லைக் கேட்பதில்லை என்பதே இங்கு முக்கியம். 2004-இல் எலிகளில் செர்டோலி செல்லில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். விந்தணு உற்பத்தி குன்றல் பிரிவு நடக்கும் கட்டத்திலேயே நின்றுபோனது. விந்தணுவாக வளரும் செல்களில் அதே ஏற்பியை நீக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. ஆணை செர்டோலி வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. எனவே ஒரு மனிதனின் விந்தணு உற்பத்தித் திறன் அவனுக்கு எத்தனை செர்டோலி செல்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை பருவமடைவதோடு நின்றுவிடுகிறது. கருவிலும், பிறந்த முதல் சில மாதங்களிலும், பருவத்தின் தொடக்கத்திலும் எஃப்எஸ்எச் அதைப் பெருக்குகிறது. தைராய்டு ஹார்மோன் பெருக்கத்தை நிறுத்தி முதிரச் செய்கிறது. முப்பது வயதில் வரும் விந்துப் பரிசோதனை முடிவில் கைக்குழந்தைப் பருவத்தின் கணக்கும் அடங்கியிருக்கிறது.

4.2 உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

முதல் பிரிவின் முரணுக்கு விடை இங்கே இருக்கிறது. லேடிக் செல்லும் நுண்குழலும் ஒட்டியே இருப்பதால், விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டிரோனின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப் போல 50 முதல் 100 மடங்கு. விந்தணு உற்பத்திக்கு இந்த உள்செறிவுதான் வேண்டும். வெளியிலிருந்து ஊசி போட்டால் இரத்தத்தில் அளவு ஏறுகிறது. ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் அதைக் கண்டு எல்எச் சுரப்பதை நிறுத்துகின்றன. லேடிக் செல் சும்மா இருக்கிறது. இரத்தத்தில் இரண்டு மடங்கு ஏறினாலும் விந்தகத்துக்குள் அடியோடு இறங்கிவிட்டால் என்ன பயன்?

இதை ஊகமாக விட்டுவிடாமல் அளந்தே பார்த்தவர்கள் உண்டு. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 29 இளைஞர்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டு, மூன்று வாரம் கழித்து விந்தகத்திலிருந்தே நீர்மம் எடுத்து அளந்தனர். ஊசி மட்டும் போட்டவர்களின் உள்செறிவு 94 சதவீதம் வீழ்ந்திருந்தது. எல்எச்சைப் போலவே செயல்படும் எச்சிஜி ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் 250 அலகு சேர்த்துப் போட்டவர்களுக்கு வீழ்ச்சி 7 சதவீதம்தான். 500 அலகு போட்டவர்களுக்கு உள்செறிவு தொடக்க நிலையைவிட ஏறியிருந்தது. இத்துறையில் இவ்வளவு தெளிவாக ஒரு கேள்விக்கு விடை சொன்ன சோதனைகள் குறைவு.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. அர்ஜென்டினாவின் பாஸ்குவாலினி 1950-இல் விவரித்த நோயாளிகளுக்கு எல்எச் மட்டும் குறைவு. மீசை தாடி இல்லை, குரல் உடையவில்லை, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. ஆனால் விந்தகம் ஓரளவு இயல்பான பருமனில் இருந்தது. உள்ளே விந்தணு உற்பத்தி நடந்துகொண்டிருந்தது. உடம்பு முழுவதற்கும் போதாத டெஸ்டோஸ்டிரோன் பக்கத்தில் இருக்கும் குழலுக்குப் போதியிருக்கிறது. மீசையைப் பார்த்துக் கருவளத்தை எடைபோடுகிறவர்கள் கவனிக்க.

4.3 எஃப்எஸ்எச் கட்டாயமா?

இங்கு ஆய்வுலகம் இன்னும் ஒரு குரலில் பேசவில்லை. 1997 இந்த விவாதத்தின் ஆண்டு. அமெரிக்காவில் டி. ராஜேந்திர குமாரும் உடன் ஆய்வாளர்களும் எஃப்எஸ்எச் இல்லாத எலிகளை உருவாக்கினர். ஆண் எலிகளின் விந்தகம் சிறுத்திருந்தாலும் அவை குட்டி ஈன வைத்தன. அதே ஆண்டு பின்லாந்தில், எஃப்எஸ்எச் ஏற்பி பழுதான ஐந்து ஆண்களைப் பற்றிய செய்தி வந்தது. விந்தணு எண்ணிக்கை பலவாறாகக் குறைந்திருந்தது, ஆனால் யாருக்கும் அடியோடு இல்லாமல் போகவில்லை, சிலர் தந்தையாகியும் இருந்தனர். எஃப்எஸ்எச் தேவையே இல்லை என்று பலர் எழுதத் தொடங்கினர்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர். முட்கலின் குழு அதற்கு வெகுநாள் முன்பிருந்தே வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தது. நம் கோயில்களில் தேங்காய் பறிக்கும் அதே நாட்டுக் குரங்குகளுக்கு ஆட்டின் எஃப்எஸ்எச்சைத் தடுப்பூசியாகப் போட்டு, குரங்கின் உடல் தன் எஃப்எஸ்எச்சையே முறியடிக்கும்படி செய்தனர். டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை; இணைசேரும் நாட்டம் மாறவில்லை; ஆனால் விந்தணுவின் எண்ணிக்கையும் தரமும் குறைந்து குரங்குகள் மலடாயின. ஆண் கருத்தடை ஊசிக்கு இது வழியாகலாம் என்று கருதி, பின்னர் சில மனிதத் தன்னார்வலர்களிடமும் சோதித்தனர். எலியில் பார்த்ததை மனிதனுக்கு நீட்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இந்த வேலையில் இருக்கிறது. எஃப்எஸ்எச் மூலக்கூறே பழுதாகப் பிறந்த சில ஆண்களுக்கு விந்தணு அறவே இல்லை என்ற பிற்காலச் செய்திகளும் முட்கலின் பக்கமே சாய்கின்றன.

1996-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நோயாளியின் வரலாறும் கவனத்துக்குரியது. கட்டி காரணமாகப் பிட்யூட்டரி அகற்றப்பட்டவர். டெஸ்டோஸ்டிரோன் மட்டுமே பெற்றுவந்தவர். நியாயப்படி அவருக்கு விந்தணு இருக்கக் கூடாது. இருந்தது, தந்தையும் ஆனார். அவரது எஃப்எஸ்எச் ஏற்பியில் ஒரு மரபு மாற்றம்: ஹார்மோன் வராமலேயே ஏற்பி விழித்திருந்தது. என் மதிப்பீட்டில், விந்தணு உற்பத்தி தொடங்கவும் நிலைக்கவும் உள்செறிவு டெஸ்டோஸ்டிரோனே அடிப்படை. மனிதனிலும் குரங்கிலும் அது முழு அளவுக்கும் நல்ல தரத்துக்கும் வர எஃப்எஸ்எச் வேண்டும்.

4.4 எழுபத்து நான்கு நாள்

ஹெல்லரும் கிளெர்மாண்டும் கதிரியக்க அடையாளமிட்ட தைமிடினைக் கொண்டு 1963-இல் அளந்தபடி, மூலச்செல் பிரியத் தொடங்கியதிலிருந்து விந்தணு உருப்பெற ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அதன் பிறகு எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள்குழலில் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை தங்கி முதிர்கிறது. ஆகவே இன்று தொடங்கும் மருந்தின் பலனை மூன்று மாதத்துக்கு முன் விந்துப் பரிசோதனையில் தேடுவது வீண். இரண்டு மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல் இன்றைய எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஆணுக்குக் குறை என்று முத்திரை குத்துவதும் இதே காரணத்தால் தவறு.

5. ஆண் உடலில் ஈஸ்ட்ரோஜன்

அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அது விந்தகத்திலேயே இருக்கிறது. ஆண் குதிரையின் விந்தகத்தில் மிகச் சுறுசுறுப்பாக இருக்கிறது. ஸொண்டெக்கை வியக்க வைத்த சிறுநீருக்குக் காரணம் அதுதான்.

அந்த ஈஸ்ட்ரோஜனுக்கு என்ன வேலை? ஈஸ்ட்ரோஜனின் ஆல்ஃபா ஏற்பி இல்லாத ஆண் எலிகள் மலடாக இருந்தன. 1997-இல் ரெக்ஸ் ஹெஸ் காரணத்தைக் காட்டினார். விந்தகத்திலிருந்து விந்தணு பெருமளவு நீர்மத்தோடு வெளியேறுகிறது. எபிடிடிமிஸுக்குப் போகும் வழியிலுள்ள நாளங்கள் அந்த நீரில் பெரும்பகுதியை உறிஞ்சி விந்தணுவைச் செறிவாக்க வேண்டும். அந்த உறிஞ்சலை நடத்துவது ஈஸ்ட்ரோஜன். ஏற்பி இல்லாத எலியில் நீர் தேங்கி, பின்னோக்கி அழுத்தி, விந்தகத்தையே நசித்துவிடுகிறது. மனிதரில் இத்தகைய ஏற்பிப் பழுதுள்ள ஒருவரைப் பற்றி 1994-இல் எழுதினார்கள். 28 வயது, 204 சென்டிமீட்டர் உயரம், எலும்பு முனைகள் இன்னும் மூடாமல் வளர்ந்துகொண்டிருந்தார். விந்தணு எண்ணிக்கை இயல்பு. ஆனால் உயிருள்ள விந்தணுவின் பங்கு மிகக் குறைவு.

மிகுந்தாலும் கேடுதான். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் இருப்பதால் உடல் பருத்தவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவது கூடுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் மூளையின் துடிப்பை அடக்குகிறது. இத்தகையோரில் சிலருக்கு அனஸ்ட்ரசோல் போன்ற, மார்பகப் புற்றுநோய்க்கென வந்த மருந்துகளைத் தருவதுண்டு. எடையைக் குறைப்பது அதைவிட மலிவான வழி.

6. விந்தணு தானே ஹார்மோனைக் கேட்கும் நேரம்

இதுவரை சொன்னது உற்பத்தி. விந்தணு விந்தகத்தை விட்டு வெளியேறிய பின் என்ன ஆகிறது?

உற்பத்தி முடிந்த விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. எபிடிடிமிஸில் ஆண்ட்ரோஜனின் ஆளுகையில் சுரக்கும் புரதங்கள் அதன் மேலுறையை மாற்றிய பிறகே வால் ஒழுங்காக அசைகிறது. அப்போதும் முட்டையைத் துளைக்கும் திறன் இல்லை. பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்தால்தான் அத்திறன் வருகிறது என்பதை 1951-இல் எம்.சி. சாங்கும் சி.ஆர். ஆஸ்டினும் தனித்தனியே கண்டனர். மேலுறையிலிருந்து கொழுப்பு விலகுகிறது, பைகார்பனேட் உள்ளே வருகிறது, புரதங்கள் மாறுகின்றன. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு கைகூடியதற்கு இந்த அறிவு முன்நிபந்தனையாக இருந்தது.

கடைசிக் கட்டளை பெண்ணின் ஹார்மோனிலிருந்து வருகிறது. கருமுட்டையைச் சூழ்ந்த செல்கள் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கின்றன. அது பட்டதும் மனித விந்தணுவுக்குள் கால்சியம் நொடிகளுக்குள் பாய்கிறது; வால் சாட்டையடி போல வீசத் தொடங்குகிறது. வழக்கமான ஸ்டீராய்டு ஹார்மோன் உட்கருவுக்குப் போய் மரபணுவைப் படிக்கச் சொல்லும். பலன் தெரிய மணிக்கணக்காகும். விந்தணுவின் உட்கருவோ இறுக்கிக் கட்டப்பட்டு மௌனமாக இருக்கிறது. அங்கே படிக்க ஒன்றும் திறந்திருப்பதில்லை. அப்படியானால் புரோஜெஸ்டிரோன் யாரிடம் பேசுகிறது? இந்தக் கேள்வி இருபது ஆண்டு திறந்தே கிடந்தது.

விந்தணுவின் வாலில் மட்டுமே உள்ள கேட்ஸ்பெர் என்ற கால்சியம் வாயில் 2001-இல் கண்டறியப்பட்டது. அது இல்லாத எலி மலடு. 2011-இல் ஒரே இதழில் வெளியான இரு கட்டுரைகள், ஒன்று ஜெர்மனியின் பான் நகரிலிருந்து, மற்றொன்று சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து, புரோஜெஸ்டிரோன் இந்த வாயிலைத் திறப்பதை மனித விந்தணுவிலேயே அளந்து காட்டின. 2016-இல் இடையிலிருந்த கண்ணியும் கிடைத்தது. ஏபிஎச்டி2 என்ற நொதியில் புரோஜெஸ்டிரோன் ஒட்டுகிறது, வாயிலைப் பூட்டி வைத்திருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறை அந்த நொதி சிதைக்கிறது, பூட்டு விழுகிறது. எலி விந்தணுவில் புரோஜெஸ்டிரோன் இந்த வாயிலைத் திறப்பதில்லை. எலியை நம்பி மனிதனைப் பேசக் கூடாது என்பதற்கு முட்கலின் குரங்குகளுக்குப் பிறகு இது இரண்டாவது சான்று.

விந்துப் பரிசோதனையில் எல்லாம் இயல்பாக இருந்தும் கரு நிற்காத தம்பதியர் பலர். அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குக் கேட்ஸ்பெர் பழுது இருப்பது தெரிய வந்துள்ளது. நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவதும் நீந்துவதைப் பார்ப்பதும் இதைக் காட்டாது.

7. பிற ஹார்மோன்கள்

புரோலாக்டின் மிகுந்தால் ஜிஎன்ஆர்எச் துடிப்பு அடங்கும். பிட்யூட்டரிக் கட்டி ஒரு காரணம். மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன், வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் போன்ற மருந்துகளும் காரணமாகலாம். கட்டிக்குக் கேபர்கோலின் மாத்திரை பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. தைராய்டு மிகினும் குறையினும் விந்தணுவின் இயக்கமும் வடிவமும் கெடுகின்றன. சரிசெய்தால் பெரும்பாலும் திரும்புகின்றன. நெடுநாள் ஓபியம் வகை வலிநிவாரணிகளும் துடிப்பை அடக்குபவையே.

8. மருத்துவத்தில் இதன் பொருள்

8.1 சோதனை

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி விந்தணுச் செறிவின் கீழெல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். இதற்குக் கீழே இருந்தால் எஃப்எஸ்எச், எல்எச், காலைநேர டெஸ்டோஸ்டிரோன், தேவைப்பட்டால் புரோலாக்டின் பார்ப்பது முறை. எஃப்எஸ்எச் ஏறியிருந்தால் பழுது விந்தகத்தில். மூளை கத்துகிறது, விந்தகம் கேட்கவில்லை. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்குள்ள எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோம் நிலையான கிளைன்ஃபெல்ட்டர் இதில் முதன்மையானது. எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் சேர்ந்து குறைந்திருந்தால் பழுது மேலே. ஆண் மலட்டுத்தன்மையில் ஹார்மோன் காரணங்கள் சிறுபங்கே. ஆனால் மருந்தால் முழுதாகத் திருத்தக்கூடியவற்றில் அவையே முன்னிற்கின்றன.

8.2 திருத்தம்

பழுது மேலே என்றால் எச்சிஜி ஊசி வாரத்தில் இரண்டு மூன்று முறை, போதாவிட்டால் எஃப்எஸ்எச் ஊசியும். கால்மன் நோயாளிகள்கூட இவ்வழியில் தந்தையாகிறார்கள். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை பொறுக்க வேண்டும். இந்த மருந்துகளுக்கும் சிறுநீரே ஆதாரமாக இருந்தது: எச்சிஜி கருவுற்ற பெண்களிடமிருந்து, முதல் எஃப்எஸ்எச் மருந்து மாதவிடாய் நின்ற பெண்களிடமிருந்து, அதிலும் இத்தாலியக் கன்னிமாடங்களின் முதிய துறவியரிடமிருந்து. காரணம் தெரியாத குறைவுக்குக் குளோமிஃபின் மாத்திரை எழுதித் தருவது நம் ஊரிலும் பரவலான வழக்கம். அதற்கான சான்று அவ்வளவு வலுவானதன்று.

8.3 ஊசி

உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காகவும், சோர்வு தீரவும், ஆண்மை பெருகவும் என்று டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். அவர்கள் கண்ணாடியில் பார்ப்பது புடைத்த தோள். உள்ளே நடப்பது முதல் பிரிவில் சொன்ன கருத்தடைச் சோதனை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி, குழந்தை வேண்டும் ஆணுக்கு வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் தரக் கூடாது என்றே சொல்கிறது. கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்றவர்களை ஒன்றாகத் திரட்டி 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஊசியை நிறுத்திய ஆறு மாதத்தில் 67 சதவீதம் பேருக்கும், ஓராண்டில் 90 சதவீதம் பேருக்கும், இரண்டு ஆண்டில் எல்லோருக்கும் விந்தணு மில்லிலிட்டருக்கு 2 கோடியைத் தொட்டது. ஆனால் அவர்கள் அளந்த மருந்தைக் கண்காணிப்பில் பெற்ற நலமான ஆண்கள். பல மருந்துகளைப் பெருமளவில் கலந்து ஆண்டுக்கணக்கில் போட்டவர்களுக்கு மீட்சி இன்னும் தாமதமாகலாம்; சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர் குழந்தைக்காக மருத்துவரிடம் போகும்போது அதை மறைக்க வேண்டாம். மறைத்தால் மனைவிக்குத்தான் தேவையற்ற சோதனைகள் நடக்கும். எச்சிஜி, எஃப்எஸ்எச் ஊசிகளால் மீட்சியைத் தொடங்க வழி இருக்கிறது. எந்த ஊசி, எத்தனை நாள் போட்டது என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதைத் தொடங்க முடியும். நோய் காரணமாக டெஸ்டோஸ்டிரோன் தேவைப்படுகிறவர்கள் முதல் ஊசிக்கு முன்பே விந்துப் பரிசோதனை செய்து, குழந்தை வேண்டும் என்றால் விந்தை உறையவைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.